வளர்ந்த நாய் ஒட்டாது என்னும் பொய்

கைவிடப்பட்ட, வயதேறிய நாய் ஒன்றைச் சில மாதம் வீட்டில் வைத்துத் தேற்றி, உடம்பு நேரானபின் நிலையான ஒரு வீட்டுக்குக் கொடுப்பதைத் தற்காலிக வளர்ப்பு என்கிறார்கள். பாதி மருத்துவம், பாதி பொறுமை. பெரிய இடம் வேண்டாம். ஒரு திண்ணை, ஒரு பழைய சாக்கு, போய்வரும் தூரத்தில் ஒரு மிருகாஸ்பத்திரி இருந்தால் வேலை தொடங்கிவிடும். ஆனாலும் பாலக்காடு, இடுக்கி எல்லை ஊர்களில் இதற்கு ஆள் கிடைப்பது அரிது. தடுப்பது ஒரு நம்பிக்கை. குட்டியிலேயே எடுத்து வளர்க்காத நாய் ஒட்டாது, வயதான நாய் தேறாது, தேறினாலும் பழைய இடத்தை நினைத்து ஓடிப்போகும். வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரை, மறையூர் முதல் குமுளி வரை, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே உறுதியோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு பொய்.

இந்தப் பொய்யின் விலை இப்போது கூடிவிட்டது. தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணை, விரும்புவோர் நாய்களைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்த நாயைத் திரும்பவும் தெருவில் விடக்கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7 ஆணை பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. காப்பகத்துக்குள் போன வளர்ந்த நாய் வெளியே வர மிஞ்சியிருக்கும் வாசல் தத்தெடுப்புதான். அந்த வாசலில் நின்றுகொண்டுதான், "குட்டி இருந்தா சொல்லுங்கண்ணே, இந்தக் கிழட்டு நாயை வச்சு என்ன பண்ண?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் படித்தவர், நாய் என்றால் பிரியம் உள்ளவர், கையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தவர். கூண்டுக்குள் இருக்கும் நாய் அந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அங்கேயே இருக்கிறது. அவர் குட்டி இல்லாமல் திரும்பிப் போகிறார்.

இதற்கான பதிலை இடுக்கி மாவட்டம் 2020லேயே சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில். 70 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள், பலருடைய வேர் கயத்தாறு பக்கம். 66 உடல்கள் கிடைத்தன, நான்கு பேர் கிடைக்கவே இல்லை. தேடுதல் நடந்த நாட்களில் குவி என்ற நாட்டு நாய் சேற்றிலும் பாறையிலும் அலைந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் அது ஆற்றங்கரையில் ஓரிடத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததை மீட்புப் பணியாளர்கள் கவனித்தார்கள். இறங்கிப் பார்த்தபோது விழுந்து கிடந்த மரத்தில் சிக்கி, குவி வளர்ந்த வீட்டின் இரண்டு வயதுப் பெண் குழந்தையின் உடல் இருந்தது.

குவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். நாயின் விசுவாசம் என்று ஒரு வார்த்தை, அத்தோடு முடிந்தது. கவனிக்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குவி அப்போது குட்டி கிடையாது. வளர்ந்த நாய். ஒரு வீட்டில், ஒரு லயத்தில், ஒரு குழந்தையோடு பழகிய நாய். வீடு மண்ணுக்குள் போய்விட்டது. தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் அலைந்தது. தேடுதலுக்கு வந்திருந்த இடுக்கி மாவட்டக் காவல் நாய்ப் பிரிவின் காவலர் ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். பிறகு மேலிடத்து அனுமதியோடு நாய்ப் பிரிவு அதை எடுத்துக்கொண்டது. குவி சாப்பிட்டது. ஒட்டியது. முன்பின் அறியாத மனிதரோடு, காக்கிச் சட்டையின் வாசனையோடு, வேறு ஊரில் எட்டு மாதம் நன்றாக வாழ்ந்தது. வளர்ந்த நாய் ஒட்டாது என்று சொல்கிறவர் முதலில் குவிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாய்க்கு நடுகல் எடுத்த மொழி தமிழ். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, விழுந்த தலைவன் அருகே காவல் நின்றதாகக் கல்வெட்டு அதன் பெயரைச் சொல்லிப் பொறித்து வைத்தது. ஏழாம் நூற்றாண்டின் கோவிவனுக்குப் பெயர் எழுதிக் கல் நட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்று நரைத்த வாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

திருப்பிக்கொள்ளும்போது துணைக்குப் பழமொழி வேறு வந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. நாய் வாலை நிமிர்த்த முடியாது. பன்னிரண்டு வருஷம் குழலில் போட்டு வைத்தாலும் நாயின் வால் நேராகாது என்பதை மலையாளத்தில் இன்னும் கூட்டிச் சொல்வார்கள். இந்தப் பழமொழிகள் மனிதனைத் திட்டுவதற்காக உண்டானவை. நாயைப் பார்த்து எழுந்தவை என்றால் வாலைச் சரியாகப் பார்த்திருப்பார்கள். நாட்டு நாயின் வால் முதுகின் மேல் சுருண்டு நிற்பது உடம்பு நன்றாக இருப்பதன் அடையாளம். பட்டினியிலும் பயத்திலும் கிடந்த நாயின் வால்தான் நேராகத் தொங்கி, பின்னங்கால்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும். தேற்றுகிறவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பது அந்த வால் மறுபடி வளைவதற்காக. முதலில் தூக்கத்தில் நுனி மட்டும் அசையும். பிறகு சோற்றுத் தட்டின் சத்தத்துக்கு அரை அடி உயரும். ஒரு நாள் காலையில் பால்காரரின் சைக்கிளைக் கண்டு முழுதாகச் சுருண்டு மேலே நிற்கும். வால் வளைந்தால்தான் நாய் பிழைத்தது என்று அர்த்தம்.

வயது என்று சொல்லப்படுவதிலும் பாதி தப்பு. வாய் நரைத்த நாய் கிழடு என்பது பொதுவான கணக்கு. ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட 400 நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016ல் வெளிவந்த ஆய்வு, பதற்றமும் பயமும் உள்ள இளம் நாய்களுக்கு மூக்கைச் சுற்றி முன்கூட்டியே நரைப்பதைக் காட்டியது. கிழட்டு நாய் என்று ஒதுக்கப்படுவதில் எத்தனை நாய் வெறும் மூன்று வயது பயந்த நாய் என்று ஒதுக்குகிறவர் யோசிப்பதில்லை. கண்ணில் நீல மூட்டம் தெரிந்தால் குருடு என்று முடிவு கட்டுகிறார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் நாயின் கண் வில்லை இறுகி அப்படி மங்கலாகத் தெரிவது இயல்பு, அதனால் பார்வை போய்விடுவதில்லை. கண்புரை வேறு, இது வேறு. வித்தியாசத்தை மருத்துவர் டார்ச் அடித்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பல்லைப் பார்த்து வயது சொல்வதும் குட்டிக்குத்தான் சரியாக வரும். காய்ந்த எலும்பையும் கல்லையும் கடித்துத் தேய்ந்த பல் உண்மையை விட வயதைக் கூட்டிக் காட்டும். சாதாரண நாட்டு நாய் கவனிப்பு இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் வாழும். எட்டு வயது நாய்க்குப் பாதி வாழ்க்கை பாக்கி இருக்கலாம்.

கவனிப்பில்லாத நாய் வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒட்டாது என்னும் நம்பிக்கை பிறப்பது அந்த முதல் பார்வையில்தான். குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு கழுத்துச் சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூடியிருக்கும். கிட்டே போனால்தான் நாற்றம் சொல்லும். சங்கிலியிலேயே நின்ற நாய்க்கு நகம் தேய வழியில்லை, வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தியிருக்கும். காதைத் திருப்பினால் திராட்சைக் கொத்து போல உண்ணி. விலா எலும்பை எண்ணலாம். கையை உயர்த்தினால் தரையோடு ஒட்டிச் சிறுநீர் விடும். இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு இது ஒட்டாது என்று சொல்வது, காய்ச்சலில் கிடப்பவனைப் பார்த்து இவன் ஊமை என்று சொல்வதைப் போன்றது. அது குணம் இல்லை, நோய். கயிற்றை மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுக்க வேண்டும், வீட்டில் கத்தரிக்கோலால் இழுக்கக்கூடாது. மூன்று வாரத்தில் அந்தக் கழுத்தில் முடி முளைக்கும்.

முதல் வாரத்தில் நாய் சோற்றாலும் செத்துப்போகும். இரக்கப்பட்டவர் சட்டி நிறையக் கஞ்சியும் சோறும் வைத்துவிடுவார். நீண்ட பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கும். இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகே இறந்தார்கள். அதே காரணம்தான். எனவே முதல் நாள் அதற்குத் தேவையான அளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதையும் நான்கு, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பூசணி, கொஞ்சம் சோறு. வெங்காயமும் பூண்டும் கூடாது. ஐந்தாறு நாளில் மெல்ல மெல்ல முழு அளவுக்குக் கொண்டுவரலாம். பட்டினி கிடந்த நாய் தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே சுவர் வரை போய்விடும். அதைப் பார்த்து மனம் இளகி இன்னொரு கரண்டி வைப்பவர் அதைக் கொல்கிறார். வயதான நாய் தேறாது என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் எத்தனைக்கு இந்தக் கரண்டி காரணம் என்று யாரும் கேட்டதில்லை.

தோலுக்குச் செய்யும் கொடுமை தனி. சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவும் பழக்கம் லாரி பட்டறைகள் உள்ள எல்லா ஊரிலும் இருக்கிறது. நாய் அதை நக்கும். குடலும் ஈரலும் கெடும். எரிந்துபோன தோலில் சீழ் வைக்கும். செத்தால், கிழட்டு நாய்தானே என்பார்கள். சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அதற்கு இன்று மருந்தகத்தில் மாத்திரையும் ஊசியும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வடியப் படுத்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் பொதுவாக நான்கு வாரம். பத்து நாளில் நாய் எழுந்து நடப்பதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் மறுபடி வரவழைத்துக்கொள்கிறார்கள். மனிதர் விழுங்கும் ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் வலி மாத்திரைகளைக் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம், நாயின் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. வெறிநோய்த் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அடிப்படை. மருத்துவர் சரி என்று சொன்னதும் தாமதிக்காமல் அதைப் போட்டுவிட வேண்டும், தேற்றுகிறவரும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

மலையில் அட்டை ஒரு தனிச் சங்கதி. மழைக்காலத்தில் தேயிலைக் காட்டில் திரிந்த நாய் விடாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வடித்தால், உள்ளே அட்டை புகுந்திருக்கிறது என்று லயத்துப் பெண்களுக்குத் தெரியும். பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகே வைத்துக் காத்திருந்தால் அட்டை தலையை நீட்டும், அப்போது துணியால் பிடித்து இழுப்பார்கள். இந்த அறிவு இருக்கும் ஊரில் நாயைத் தேற்றத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிகிறது, செய்ய மனம் இல்லை.

எல்லையின் இரண்டு முனைகளில் வானிலையும் இரண்டு விதமாக வதைக்கும். பாலக்காட்டுக் கணவாயில் கோடை தார்ச்சாலையை அடுப்பாக்கிவிடும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டப்பட்ட வயதான நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் மதியம் தாண்டாது. மூணாறில் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழும். மூட்டு வாதம் உள்ள நாய் காலையில் எழ முடியாமல் முனகும். வெறுந்தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய பலகையும் இரண்டு சாக்கும் அந்த வலியில் கொஞ்சத்தைக் குறைக்கும். மீதிக்கு மருத்துவர் தரும் மெலாக்சிகாம். ராத்திரி வெளியே கட்டவே கூடாது. தேயிலைத் தோட்டங்களிலும் நெல்லியாம்பதியிலும் சிறுத்தை முதலில் தேடுவது சங்கிலியில் நிற்கும் நாயைத்தான், அதனால் ஓட முடியாது.

இனி ஒட்டுதல். புடாபெஸ்டின் ஓட்வஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் மார்த்தா காச்சி குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வு, மனிதத் தொடர்பு அதிகமில்லாத காப்பக நாய்களைப் பற்றியது. எல்லாம் வளர்ந்தவை. ஒரே ஆள் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம், அவற்றோடு இருந்து தடவி விளையாடினார். அரை மணி நேரம். அதன்பிறகு வைத்த சோதனையில் நாய்கள் அந்த ஆளை மற்றவரிடமிருந்து பிரித்து, வாசலில் காத்து, வந்ததும் ஓடி வந்தன. குட்டிப் பருவம் போனால் பாசம் போய்விடும் என்ற பேச்சுக்கு முப்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. வியன்னாவில் 5 மாதம் முதல் 13 வயது வரையிலான 95 பார்டர் கோலி நாய்களுக்குத் தொடுதிரையில் பாடம் வைத்து, முடிவை 2016ல் வெளியிட்டார்கள். புதிய படங்களை இனம் பிரிக்க வயதான நாய்கள் கூடுதல் தடவை எடுத்துக்கொண்டன. ஆனால் தெரிந்ததை விலக்கித் தெரியாததைச் சரியாக ஊகிக்கும் சோதனையில் அவையே முந்தின. ஆறு மாதம் கழித்தும் கற்றதை எல்லா வயது நாய்களும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருந்தன. ஆய்வை நம்பாதவர் குவியையாவது நம்பட்டும். குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிய நாய், அதே வாரத்தில் ஒரு காவலரின் கையிலிருந்து சோறு தின்றது. இதைவிடக் கடுமையான சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் வைத்துவிட முடியாது.

இப்படிப்பட்ட நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் கோபம் வேறு திசைக்குப் போகும், போகத்தான் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு லயத்து வீடு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் யாரும் அதே தோட்டத்தில் பேர் பதியாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை, சட்டி பானையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிக்கோ தென்காசிக்கோ வாடகை வீட்டுக்கு இறங்குகிறது. அந்த ஜீப்பில் நாய்க்கு இடமில்லை. வாடகைக்கு விடுகிறவர் நாயைச் சேர்க்கமாட்டார். பத்து வயது நாய் பூட்டிய லயத்தின் படியில் படுத்திருக்கும். பெட்டிமுடியில் பிழைத்த குடும்பங்களுக்குச் சொந்த வீடு கிடைக்க அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது. உழைப்பு தீர்ந்ததும் ஆளை இறக்கிவிடும் ஏற்பாடும், காவல் தீர்ந்ததும் நாயை இறக்கிவிடும் பழக்கமும் ஒரே புத்தியில் பிறந்தவை. கிழட்டு நாய் எதற்கு என்று கேட்கிறவர் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும்.

ஏழைத் தொழிலாளியின் கதை அது. வண்டியில் ஏற்றி வந்து மலைச்சாலை வளைவில் கதவைத் திறந்து தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. 1960ன் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம். எப்போதும் சங்கிலியில் கட்டிய நாயைத் தக்கபடி நடக்கவிடாமல் வைத்திருப்பதும் அதே பிரிவில் குற்றம். தண்டனை, முதல் முறைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். அறுபது வருஷத்துக்கு மேல் அதே பத்து ரூபாய். இன்று அதற்கு ஒரு டீகூடக் கிடைக்காது. சோதனைச் சாவடியில் ஒரு லிட்டர் சாராயத்துக்குக் காட்டும் கவனத்தை, பின் சீட்டில் நடுங்கிக்கொண்டு வரும் நாய்க்கு எந்த மாநிலமும் காட்டியதில்லை.

ஜாதி நாய் மோகம் இதன் மறுபக்கம். எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கும் கோம்பை ஊரின் பெயரில் ஒரு நாயினமே உண்டு. பிரதமர் 2020 ஆகஸ்ட் 30 அன்று மனதின் குரல் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நல்ல விஷயம்தான். அதே மாதத்தில், அதே மலைத்தொடரில், ஜாதிப் பெயர் எதுவும் இல்லாத குவி சேற்றில் நின்றுகொண்டிருந்தது. பெயருள்ள குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர், அதே நாய்க்கு எட்டு வயதானதும் ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்கக் கணக்குப் பார்க்கிறார். பாலக்காட்டிலிருந்து மண்ணுத்தி கால்நடை மருத்துவமனைக்குத் தேசிய நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். தேனியிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. வசதி இல்லை என்ற பேச்சு இனி செல்லாது.

வயதான நாய்க்கு ஆள் மாறலாம், இடம் மாறலாம் என்பதைக் கேரள அரசே நடத்திக் காட்டுகிறது. திருச்சூர் ராமவர்மபுரத்தில் காவல் அகாடமி வளாகத்துக்குள், ஓய்வு பெற்ற காவல் நாய்களுக்கு விஸ்ராந்தி என்ற இல்லம் 2019ல் திறக்கப்பட்டது. வேலைக்காலம் முழுக்க ஒரே கையாளரோடு பழகிய நாய்கள் வயதான பிறகு அங்கே புதிய ஆட்களின் கவனிப்பில் இருக்கின்றன. வெடிகுண்டு மோப்பம் பிடித்த நாய்க்குத் தரும் இந்த நியாயம், லயத்துப் படியில் பத்து வருஷம் காவல் இருந்த நாய்க்கும் உரியதுதான்.

தற்காலிக வளர்ப்பின் கடைசிக் கட்டம் கையளிப்பது. பலரும் அஞ்சுவது இதற்குத்தான். ஒட்டிவிட்ட நாயை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது உடைந்துபோகும் என்கிறார்கள். முதலில் ஒட்டாது என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது. செய்ய வேண்டியவை கொஞ்சம். புதிய வீட்டார் கையளிக்கும் முன் மூன்று நான்கு தடவை வந்து, அவர்கள் கையாலேயே சோறு வைக்க வேண்டும். நாய் படுத்த சாக்கை அலசாமல் அப்படியே அனுப்ப வேண்டும், பழைய வாசனை முதல் ராத்திரிக்குத் துணை. முதல் மூன்று நாள் ஒரே அறை, அதிகம் தொடாமல், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க வேண்டும். சோறும் நடையும் மூன்று வாரம் நேரம் தவறக்கூடாது. மூன்று மாதம் போகும் வரை கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது. சிறுநீரகமும் பல்லும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட வேண்டும். தேற்றியவர் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை, முதல் மாதம் கழித்துப் போனால் போதும்.

பெட்டிமுடிக் குழந்தையின் பாட்டி உயிரோடு இருந்தார். குவியைத் தனக்குத் தந்துவிடும்படி கேட்டார். 2021 ஏப்ரலில் காவல்துறை குவியை நாய்ப் பிரிவிலிருந்து அழைத்து வந்து மூணாறில் அவரிடம் ஒப்படைத்தது. எட்டு மாதம் காவலரோடு ஒட்டியிருந்த நாய் பாட்டியை மறக்கவில்லை. இறங்கியதும் அவரிடம் போனது.